அப்பத்தாவின் கண்ணும் கம்ப்யூட்டரின் கண்ணும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



கார்த்திகை மாதம் நம் விஞ்ஞான மன்றத்தில் நடந்த பட்டிமன்றம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "கம்ப்யூட்டருக்குக் கண் கொடுத்தது நன்மையே, தீமையே" என்பது தலைப்பு. நன்மையே என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவள் நான். கொடுத்த ஐந்து நிமிடத்தையும் தாண்டிப் பேசினேன்; மணி அடித்த பிறகும் பேசினேன். எங்கள் அணிதான் வென்றது. பரிசாகக் கிடைத்த பேனாவில்தான் இதையும் எழுதுகிறேன்.

ஆனால் அன்று மேடையில் ஒரு செய்தியை வேண்டுமென்றே மறைத்துவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் எதிரணித் தோழிகள் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அன்று "கண்ணில்லாதவருக்குக் கண் தரும் விஞ்ஞானம்" என்று முழங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் வீட்டுத் திண்ணையில் என் அப்பத்தா, இனி எந்த மெஷினுக்கு முன்னாலும் உட்கார மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். காரணம் அவர் பக்கம் நியாயமானதாகவே இருந்தது. பரிசு வாங்கியவளுக்கு மனசாட்சி என்று ஒன்று உண்டல்லவா? அதனால் அன்று சொல்லாததையும் சேர்த்து இப்போது சொல்லிவிடுகிறேன்.

அப்பத்தாவுக்கு அறுபத்தெட்டு வயது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. இரண்டுக்கும் நடுவே யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு கருப்பட்டி. சென்ற ஆடி மாதம் பக்கத்து ஊரில் ஒரு கண் பரிசோதனை முகாம் போட்டார்கள். யார் நடத்தினார்கள் என்பது இங்கே தேவையில்லை. நல்ல எண்ணத்தில்தான் நடத்தினார்கள். கண்ணுக்குள்ளே படம் பிடித்து, சர்க்கரையால் கெட்டிருக்கிறதா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. தென்னந்தோப்பு வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு அப்பத்தா போனார். நானும் கூடப் போனேன்.

ஒரு கூடத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. வெளியே ஆடி வெயில். ஒரு மேஜை மேல் கேமரா. தாடையை வைத்து, நெற்றியை முட்டி, அசையாமல் பார்க்கச் சொன்னார்கள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: படம் தெளிவில்லை. மறுபடி அடித்தார்கள். மறுபடி தெளிவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே. அங்கிருந்த இளைஞர் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார். "இவங்களுக்கு மெஷின் எடுக்கல. அடுத்தவங்க வாங்க" என்றார். அவ்வளவுதான். ஏன் எடுக்கவில்லை, அடுத்து எங்கே போகவேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பத்தா என்னிடம் கேட்டார்: "மெஷினுக்கே பிடிக்காத கண்ணாடி என் கண்ணு?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடப் போய்த்தான் நான் இந்தப் பாடத்தைப் படித்தேன். பட்டிமன்றத்துக்காகப் படித்தேன் என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை.

கம்ப்யூட்டர் எப்படிப் பார்க்கிறது? நமக்குப் படம் என்றால் அம்மா, ஆடு, வாசல், வேப்பமரம். கம்ப்யூட்டருக்குப் படம் என்றால் எண்கள். ஒரு படத்தைக் கட்டம் கட்டமாகப் பல லட்சம் புள்ளிகளாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று பெரும்பாலும் 0 முதல் 255 வரை மூன்று எண்கள். நம் கணக்கு நோட்டில் நாலு நிரல், நாலு நிரை போட்டு அணி எழுதுகிறோமே, அதுபோல ஆயிரம் நிரல், ஆயிரம் நிரை. இந்த எண் குவியலுக்குள் "இது ரத்தக்குழாய், இது ரத்தக்கசிவு" என்று கண்டுபிடிப்பதுதான் வடிவங்களை அறிதல் என்ற துறையின் வேலை.

முதலில் விஞ்ஞானிகள் என்ன நினைத்தார்கள் என்றால், விதிகளைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று நினைத்தார்கள். விதி சொல்லிப் பாருங்களேன். பூனைக்கு நாலு கால், இரண்டு காது, மீசை என்று சொன்னால், சுருண்டு படுத்திருக்கும் பூனைக்குக் கால் எங்கே? அதனால் விதியை விட்டுவிட்டு உதாரணங்களைக் காட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, விடையையும் கூடவே சொல்லி, இயந்திரம் தப்பாகச் சொல்லும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறார்கள். நாம் வாய்ப்பாடு படித்த மாதிரிதான். ஆனால் காது திருகல் மட்டும் கோடிக்கணக்கில். 1989ல் யான் லெக்குன் என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த வழியில் அமெரிக்கத் தபால் உறைகளில் கையால் எழுதிய பின்கோடு எண்களைக் கம்ப்யூட்டர் படிக்கும்படி செய்தார்கள். 2009ல் ஃபெய் ஃபெய் லீ என்ற பேராசிரியை தம் குழுவினருடன் பெயர் ஒட்டிய படங்களின் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அது பின்னர் ஒரு கோடியே நாற்பது லட்சம் படங்களாக வளர்ந்தது. சீனாவில் பிறந்து, அமெரிக்காவில் பெற்றோர் நடத்திய சலவைக் கடையையும் கவனித்துக்கொண்டே படித்தவர் அவர். அந்தத் தொகுப்பை வைத்து நடந்த 2012ஆம் ஆண்டுப் போட்டியில் டொராண்டோவைச் சேர்ந்த மூவர் இயந்திரத்தின் தவறுகளைப் பெருமளவு குறைத்துக் காட்டிய பிறகுதான் உலகம் முழுவதும் இந்தத் துறையின் பக்கம் திரும்பியது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்றொரு பேராசிரியர் இருந்தார். அவரும், கணிதப் பேராசிரியை ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். எதைப் பற்றித் தெரியுமா? நம் வாசலில் போடும் கோலத்தைப் பற்றி! ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு, அந்த இலக்கணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லலாம் என்று காட்டினார்கள். 1978ல் அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணும் முறையைப் பற்றியும், 1983ல் பிராமி எழுத்துகளை அடையாளம் காணும் முறையைப் பற்றியும் கிஃப்ட் சிரோமணி வேறு இருவருடன் சேர்ந்து எழுதினார். நமக்குப் பக்கத்தில் கருங்காலக்குடிக் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. சுற்றுலா போனபோது அதன் பக்கத்தில் யாரோ ஆணியால் தம் பெயரைக் கீறியிருந்ததைப் பார்த்தோம். எந்தக் கம்ப்யூட்டர் அதைப் படித்தால் என்ன சொல்லுமோ! அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதிய மூவரில் இருவர் பெண்கள் என்பதைப் பட்டிமன்றத்தில் சொன்னபோதுதான் பலமான கைதட்டல் விழுந்தது.

கோலத்தைப் பற்றிப் பிறகு ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது கண்ணுக்கு வருகிறேன்.

சர்க்கரை வியாதி கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்று உயிரியல் எடுக்கும் சிஸ்டர் எனக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்ற மெல்லிய படலம் இருக்கிறது. அதில் மயிரிழைபோல ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. ரத்தத்தில் பல வருஷம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அந்தக் குழாய்களின் சுவர் பலவீனப்படுகிறது. முதலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு ரத்தம் கசியும், மஞ்சளாகக் கொழுப்பு படியும், நீர் கோத்து வீங்கும். முற்றினால் கண்ட இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்து உடையும். கொடுமை என்னவென்றால், தொடக்கத்தில் வலி இல்லை, பார்வை மங்குவதும் இல்லை. மங்குகிறது என்று தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது. போன பார்வையை முழுவதும் மீட்பது கடினம். ஆனால் முன்கூட்டியே கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையாலும் ஊசி மருந்தாலும் பெரும்பாலோருடைய பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

ஆகவே சர்க்கரை உள்ள எல்லாரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழித்திரையைக் காட்டவேண்டும் என்கிறார்கள். எத்தனை பேர்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான கணக்கின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல். இத்தனை பேரின் இரண்டிரண்டு கண்களையும் ஆண்டுதோறும் பார்க்க நம்மிடம் விழித்திரை டாக்டர்கள் இல்லை. இருப்பவர்களும் நகரத்தில்தான் இருக்கிறார்கள். கொட்டாம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். நான்கு வழிச் சாலை வந்த பிறகு அது ஒரு தூரமா என்று அப்பா கேட்கிறார். தூரம் இல்லைதான். ஆனால் ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் சார்ஜ், கூட வர ஓர் ஆள், சொட்டு மருந்து விட்ட பிறகு அன்று முழுதும் மங்கல். கண் நன்றாகத் தெரிகிற ஒருத்தி இத்தனையையும் செலவழித்து "எனக்குக் கண் தெரிகிறதா?" என்று கேட்கப் போவாளா?

இந்த இடத்தில்தான் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் கதை வருகிறது. அரசாங்க வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ல் பதினொரு படுக்கைகளுடன் அதைத் தொடங்கினார். இளம் வயதிலேயே மூட்டுவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கி, அவற்றாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். பணம் கொடுக்க முடிந்தவரிடம் வாங்கி, முடியாதவருக்கு இலவசமாகச் செய்தார்கள். பிற்பாடு கிராமங்களில் சிறு சிறு கண் மையங்கள் வைத்தார்கள். அங்கே டாக்டர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர்கள் கண்ணைச் சோதித்து, மதுரையில் இருக்கும் டாக்டருடன் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார்கள்.

கூகிள் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் விழித்திரைப் படத்தைப் பார்க்கும் இயந்திரம் செய்ய முனைந்தபோது, அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா ஆகிய மூன்றும் படங்கள் தந்தன. அமெரிக்காவிலிருந்தும் படங்கள் வந்தன. மொத்தம் 1,28,175 படங்கள். அவற்றை 54 கண் டாக்டர்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று பேர், அதிகம் ஏழு பேர். ஏன் அத்தனை பேர்? ஒரே படத்தைப் பார்த்து இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டாம். நம் தமிழ்க் கட்டுரைக்கு இரண்டு ஆசிரியைகள் மதிப்பெண் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. 2016 டிசம்பரில் முடிவு வெளியானது. பழைய படங்களை வைத்து நடத்திய சோதனையில், நோய் முற்றத் தொடங்கிய நூறு கண்களில் தொண்ணூற்றேழுக்கும் மேல் இயந்திரம் கண்டுபிடித்தது. பட்டிமன்றத்தில் இந்த எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

நிறுத்திக்கொண்டது தப்பு. அதற்குப் பிறகு 2019ல் இன்னொரு முடிவு வெளியானது. இந்த முறை அரவிந்திலும் சங்கர மருத்துவமனை ஒன்றிலும் நேரில் வந்த நோயாளிகள் 3,049 பேரை வைத்துச் சோதித்தார்கள். அரவிந்தில் கிடைத்த எண் 88.9 சதவீதம். அதாவது நோய் இருந்த நூறு பேரில் சுமார் பதினொரு பேரை இயந்திரம் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிட்டது. நோய் அந்த அளவுக்கு இல்லாத நூறு பேரில் எட்டுப் பேரை வீணாகப் பயமுறுத்தியது. உடனே எதிரணித் தோழிகள் மகிழ வேண்டாம்! அதே சோதனையில் ஒப்பிட்டுப் பார்த்த மனிதர்களும் இதைவிட மேலாகச் செய்துவிடவில்லை. சிலர் இன்னும் அதிகமாகவே தவறவிட்டார்கள். ஆகவே இயந்திரம் மனிதனுக்குக் குறைந்ததல்ல. ஆனால் தவறே செய்யாததும் அல்ல. அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி என் அப்பத்தாவாக இருந்தால், மீதி எண்பத்தொன்பது பேரைக் காட்டி எனக்குச் சமாதானம் சொல்ல முடியுமா?

அதே 2019ல் அரவிந்தில் அந்த இயந்திரத்தை நிஜமான நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய செய்தியும் வந்தது. நம் மதுரைதான் அதில் முன்னே நின்றது. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

இனி தாய்லாந்துக்குப் போவோம். அங்கே பதினொரு மருத்துவ நிலையங்களில் இதே இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். 2020ல் வெளிவந்த அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் நூற்றுக்கு இருபத்தொரு படங்களை இயந்திரம் "தெளிவில்லை" என்று தள்ளிவிட்டது. பல இடங்களில் இருட்டறை இல்லை. வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும். சுருங்கினால் கேமரா வெளிச்சம் உள்ளே போகாது. படம் தள்ளப்பட்டால் நோயாளி வேறு ஊருக்குப் போக வேண்டும். போக முடியாத நோயாளிகளைப் பார்த்து நர்சுகள் வருந்தினார்கள்.

திறந்த ஜன்னல், ஆடி வெயில், தெளிவில்லை. என் அப்பத்தாவுக்கு நடந்தது தாய்லாந்திலும் நடந்திருக்கிறது! அவர் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் எனக்கு அங்கே கிடைத்தது. மெஷினுக்கு அவர் கண் பிடிக்காமல் போகவில்லை. அந்தக் கூடத்தில் ஒரு திரைச்சீலை இல்லை.

மீதிப் பதில் பொங்கலன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் பொங்கல் கோலம் அப்பத்தாவின் கை. இருபத்தொரு புள்ளி வைத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அன்று விடியற்காலையில் அவர் புள்ளி வைத்து முடித்ததும் நான் கம்பி இழுக்க உட்கார்ந்தேன். எட்டாவது வரிசையிலிருந்து புள்ளிகள் வளைந்து போயிருந்தன. நான் ஒன்றும் சொல்லாமல் காலால் அழித்துவிட்டுத் திருத்தி வைத்தேன். அவர் அதையும் கவனிக்கவில்லை. அப்போதுதான் பயந்துவிட்டேன். விழித்திரையின் நடுவில் நீர் கோத்தால் நேர்க்கோடு கோணலாகத் தெரியும் என்று நான் படித்திருந்தேனே!

அப்பாவிடம் சொல்லி, ஒரு கண் மையத்துக்குக் கூட்டிப் போனோம். அப்பத்தா வர மறுத்தார். "போன தடவ மாதிரி எந்திரிச்சுப் போங்கன்னுதான சொல்லப் போறாக?" என்றார். வந்தால் மாட்டுத்தாவணியில் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தருவதாக அப்பா சொன்ன பிறகு புறப்பட்டார்.

அங்கே இருபது இருபத்திரண்டு வயது அக்கா ஒருத்தி இருந்தார். முதலில் கதவைச் சாத்தி இருட்டாக்கினார். முதல் படம் தெளிவில்லை என்றுதான் வந்தது. அப்பத்தா எழுந்திருக்கப் போனார். அக்கா தோளில் கை வைத்து, "இருங்க பாட்டி, இன்னும் நம்ம வேலையே ஆரம்பிக்கல" என்றார். சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு வலது கண்ணில் படம் வந்தது. இடது கண்ணில் வரவே இல்லை. "இந்தக் கண்ணுல புரை இருக்கு பாட்டி. கதவு சாத்தியிருக்குற வீட்டுக்குள்ள டார்ச் அடிச்சா உள்ள இருக்குறது தெரியுமா? உங்க மேலயும் தப்பில்ல, மெஷின் மேலயும் தப்பில்ல" என்றார்.

வலது கண் படத்துக்குச் சற்று நேரத்தில் முடிவு வந்தது: விழித்திரையில் சர்க்கரையின் கோளாறு இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும். "கம்ப்யூட்டர் சொன்னதா, டாக்டர் சொன்னாரா?" என்று நான் கேட்டேன். "ரெண்டு பேரும்" என்றார் அக்கா.

என் அபிப்பிராயம் அந்த அறையில்தான் உருவானது. கண் பார்க்கும் இயந்திரம் நமக்கு வேண்டும். பத்துக் கோடிப் பேருக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இயந்திரம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் டாக்டர் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்கள். ஆனால் அந்த அக்கா இல்லாமல் இயந்திரம் மட்டும் வரக்கூடாது. ஆடி மாத முகாமில் இருந்ததும் கேமராதான், கண் மையத்தில் இருந்ததும் கேமராதான். இரண்டும் ஒரே சொல்லைத்தான் சொல்லின. ஒன்று என் அப்பத்தாவை ஆறு மாதம் திண்ணையில் உட்கார வைத்தது. இன்னொன்று மதுரைக்கு அனுப்புகிறது.

படம் தெளிவில்லை என்று வந்தால் "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லும் முகாமை நடத்தவே கூடாது என்பேன். தெளிவில்லாத கண்ணில் புரையாவது இருக்க வாய்ப்புண்டு. அவர்கள்தான் முதலில் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்! அவர்கள் பெயரைத் தனித் தாளில் எழுதி, எங்கே, எந்தக் கிழமை போக வேண்டும் என்று சொல்லியனுப்ப ஒரு பென்சில் போதும். இதற்கு விஞ்ஞானம் தேவையில்லை.

இயந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்று எதிரணித் தோழி ஒருத்தி பேசினாள். அன்று அவளைக் கேலி செய்து சபையைச் சிரிக்க வைத்தேன். இப்போது வருந்துகிறேன், ஏனென்றால் அது நம்மைப் பற்றிய கேள்வி. அரவிந்தில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, கண் சோதிக்கவும், அறுவைக்கு உதவவும், படம் எடுக்கவும் பழக்குகிறார்கள். அந்த ஆஸ்பத்திரி ஓடுவதே இவர்களால்தான் என்று அங்கே போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நம் பள்ளியில் படிக்கிற நமக்கும் அது ஒரு வழி. படத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால், இந்த அக்காமார்களின் கை குறைந்துபோகுமா? குறைக்க நினைப்பவர்கள் இருப்பார்கள். சம்பளம் மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். அவர்களுக்கு அப்பத்தாவின் இரண்டு பயணங்களையும் காட்டினால் போதும். புள்ளியை எண்ணுவதை இயந்திரம் செய்யட்டும். தோளில் கை வைக்க எண்களில் இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயந்திரம் எதைப் பார்த்துப் பழகியதோ அதைத்தான் நன்றாகப் பார்க்கும். 2018ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று இயந்திரங்களைச் சோதித்தார்கள். வெள்ளைநிற ஆண்களில் தவறு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. கருநிறப் பெண்களில் ஓர் இயந்திரம் நூற்றுக்கு முப்பத்துநான்குக்கும் மேல் தவறு செய்தது. பழக்கிய படங்களில் நம்மைப் போன்ற முகங்கள் குறைவாக இருந்ததுதான் முக்கியமான காரணம் என்கிறார்கள். என் நிறத்தைப் பற்றி உறவுக்காரர்கள் சொல்வது போதாதென்று இயந்திரமும் சேர்ந்துகொண்டதே என்று படித்தபோது சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. கண் இயந்திரத்தில் அந்தக் குறை இந்த அளவுக்கு வராமல் இருந்தால், தென்னாட்டுக் கண்களும் அதற்குப் பாடம் சொல்லியிருப்பது ஒரு காரணமாக இருக்கவேண்டும். இலவச முகாமுக்கு வந்து தாடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த எத்தனையோ பாட்டிமார்களின் விழித்திரைகள் அந்தப் படங்களில் இருக்கலாம். அவர்களுடைய பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அவர்கள் கற்றுக்கொடுத்த இயந்திரம் அவர்கள் பேத்திகளின் ஊருக்குக் குறைந்த செலவில் திரும்பி வரவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறை பெற்றோர் தினம் நடக்கிறது. அன்று நம் தாத்தா பாட்டிமார்கள் எல்லாரும் வருகிறார்கள். ஏதேனும் ஒரு கண் ஆஸ்பத்திரியைக் கேட்டு, விழித்திரைக் கேமரா ஒன்றை அன்று கொண்டுவரச் செய்யலாம். நம் கம்ப்யூட்டர் அறைக்குக் கறுப்புத் திரை நாங்களே தைத்துத் தருகிறோம். தையல் வகுப்பில் துணி மிச்சம் இருக்கிறது. தெளிவில்லை என்று வருகிறவர்களின் பெயரை எழுதும் நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். தலைமையாசிரியை சிஸ்டர் அனுமதி தருவார்கள் என்று நம்புகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸில் நானும் அப்பத்தாவும் மதுரைக்குப் போகிறோம். லேசரா, ஊசியா, புரை அறுவை முதலிலா என்று அங்கே சொல்வார்கள். அப்பத்தா இப்போதே மஞ்சள் பையில் பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். ஜன்னலோரம் தனக்குத்தான் வேண்டும் என்று நிபந்தனை வேறு.